ஐந்தாவது எஞ்சின்

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இறக்கைக்கு இரண்டாக நான்கு எஞ்சின், போதாததற்கு மூக்கின் நுனியில் ஐந்தாவதாக ஒன்று. கீழே உன் தீர்ப்பு: "மாமா, இது யாரோ கம்பியூட்டரில் ஒட்டிய படம். கிழட்டுக் குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் புது எஞ்சினை எவன் கொண்டுபோய் மாட்டுவான்?" அதோடு விட்டிருந்தால் ஒரு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். நீ காவேரி எஞ்சினையும் சேர்த்து இழுத்துவிட்டாய். இருபது வருடம் பாடுபட்டுச் செய்த எஞ்சினைத் தங்கள் போர் விமானத்தில் பூட்டத் துணிவில்லாமல் இந்தியாக்காரர்கள் ரஷ்யாவின் சரக்கு விமானத்தில் தொங்கவிட்டார்களாம், அதுவே தோல்விக்கு அத்தாட்சியாம். பசறை பஸ்ஸில் நின்றுகொண்டே போனைத் தட்டி வழங்கிய தீர்ப்பு போலிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தபாலில் வருகிறது, உன் டேட்டா ஒன்றும் செலவாகாது. முழுவதும் வாசி.

முதலில் படம். அது உண்மைதான். விமானம் அமெரிக்காவின் பி-17. யுத்தத்தில் ஜெர்மனி மேல் குண்டு போட்ட அதே விமானம். மூக்கில் இருப்பது டர்போபுராப், அதாவது ஜெட் எஞ்சின் போலவே சுழலும் டர்பைன், ஆனால் முன்னால் காற்றாடியைச் சுற்றும் வகை. யுத்தத்துக்குப் பிறகு ரைட், பிராட் அண்ட் விட்னி, அலிசன் என்று மூன்று எஞ்சின் கம்பனிகள் பி-17களை எடுத்து இப்படிச் செய்தன. மூக்கில் அவ்வளவு பாரம் ஏறினால் விமானம் தலை குப்புறச் சாயுமே என்று நீ கேட்கலாம். கேட்டால் சந்தோஷப்படுவேன். அதற்காக விமானி உட்காரும் அறையையே பின்னுக்குத் தள்ளிக் கட்டினார்கள். மேலே போனதும் இறக்கையிலுள்ள நான்கு எஞ்சின்களையும் நிறுத்திவிட்டு, மூக்கு எஞ்சின் ஒன்றின் பலத்தில் மட்டும் பறந்து காட்டியதும் உண்டு. அந்தப் படத்தையும் தேடிப் பார். நான்கு காற்றாடிகளும் அசையாமல் நிற்கும், ஐந்தாவது மட்டும் சுற்றும். அதையும் போலி என்றுதான் சொல்வாய்.

இனி உன் முதல் தவறு. "பழைய விமானம் சும்மா கிடந்தது, மலிவு, அதனால் எடுத்துக்கொண்டார்கள்" என்று நினைக்கிறாய். மலிவுதான், மறுக்கவில்லை. 1945க்குப் பிறகு குண்டுவீச்சு விமானங்கள் இரும்புக்கடை விலைக்குப் போயின. ஆனால் அதே காலத்தில் சின்னப் போர் விமானங்களும் ஆயிரக்கணக்கில் சும்மா கிடந்தன. அவற்றை ஏன் எடுக்கவில்லை? குண்டுவீச்சு விமானத்தின் உடம்பைக் கொஞ்சம் யோசித்துப் பார். இங்கிலாந்தின் லங்காஸ்டர் சாதாரணமாகவே ஆறு டன் குண்டு தூக்கும். அன்றைய ஜெட் எஞ்சின் முக்கால் டன், ஒரு டன். அந்தப் பாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வயிற்றில் குண்டு அடுக்குவதற்கென்று நீளமான வெற்றிடம், அதற்குத் திறந்து மூடும் கதவு. குண்டு குறி பார்ப்பவன், வழி பார்ப்பவன், வானொலிக்காரன், துப்பாக்கிக்காரன் என்று ஆட்களுக்கு ஏற்கனவே ஆசனங்கள். துப்பாக்கிக்காரனை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மானிகளையும் அவற்றைப் பார்த்துக் குறிக்கும் எஞ்சினியரையும் உட்கார வைத்தால் பறக்கும் சோதனைக்கூடம் தயார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் அந்த நான்கு எஞ்சின்கள். அவற்றின் குணம் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து தெரிந்தது. புது எஞ்சின் நின்றால் நிற்கட்டும், தீப்பிடித்தால் எரிபொருளை மூடிவிடலாம், மற்ற நான்கும் வீடு கொண்டுவந்து சேர்க்கும். உங்கள் தோட்டத்து ஸ்டோரில் புது ரோலர் வந்து இறங்கினால், முதல் நாளே அன்றைய கொழுந்து முழுவதையும் அதில் கொட்ட எந்த டீமேக்கராவது சம்மதிப்பாரா? பழைய ரோலர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், புதியதில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பார். அதே புத்திதான் இது.

இன்னொன்று. சோதிக்கப்படும் எஞ்சின்தான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன் எழுத்திலிருந்தே தெரிகிறது. பெரும்பாலும் அது பிரயாணிதான். அமெரிக்காவில் ஒரு பி-29ன் குண்டு அறைக்குள் ஜெட் எஞ்சினை மடக்கி வைத்தார்கள். ஓடுபாதையை விட்டுக் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அது வயிற்றுக்குள்ளே கிடக்கும். உயரம் போனதும் கதவைத் திறந்து, கீழே இறக்கி, காற்றில் நீட்டி, பற்றவைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

இங்கிலாந்தில் 1942லேயே வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் வாலில், துப்பாக்கிக்காரன் இருந்த இடத்தில், விட்டில் என்ற எஞ்சினியரின் ஜெட் எஞ்சினைப் பொருத்திப் பறந்தார்கள். அடுத்த வருடம் மெட்ரோவிக் கம்பனியின் எஞ்சினை லங்காஸ்டரின் முதல் மாதிரி விமானம் தன் வாலில் சுமந்தது. வெலிங்டன் வேறு இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் உடன்பிறப்பு ஒன்று தன்னை ஓய்வுக்கு அனுப்பப்போகும் எஞ்சினை வாலில் வைத்து வளர்த்தது. யுத்தத்துக்கு நடுவில் ஒரு நல்ல விமானத்தை இதற்கு ஒதுக்க எவனோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறான் பார், அவனைத்தான் நான் மெச்சுவேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை மாமா, நமக்கும் இதற்கும் என்ன?" என்று அடுத்து கேட்பாய். கேள். லங்காஸ்டரிலிருந்து துப்பாக்கிகளைக் கழற்றி, மூக்கையும் வாலையும் மூடிச் செய்த பிரயாணி விமானத்துக்கு லங்காஸ்ட்ரியன் என்று பெயர். 1945ல் இங்கிலாந்துக்கும் சிட்னிக்கும் இடையில் அது ஓடியபோது கராச்சிக்கு அடுத்தபடியாக நம் இரத்மலானையில்தான் இறங்கியது. அதற்கப்புறம் ஒரே மூச்சில் இந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆஸ்திரேலியா. அதே ரக விமானம் ஒன்றின் வெளிப்பக்க எஞ்சின்கள் இரண்டையும் கழற்றிவிட்டு ரோல்ஸ் ரோய்ஸ் தன் நீன் ஜெட் எஞ்சின்களைப் பூட்டியது. 1946 நவம்பர் 23ந் திகதி அது லண்டனிலிருந்து பாரிஸுக்கு ஜெட்டின் பலத்தில் போய் இறங்கியது. பழைய எஞ்சினுக்குப் பெற்றோல், புதியதற்கு மண்ணெண்ணெய் வகை, அதனால் ஒரே விமானத்துக்குள் இரண்டு தனித்தனி எரிபொருள் ஏற்பாடு. 

இன்னும் கிட்ட வருகிறேன். தியத்தலாவையில் விமானப்படைப் பயிற்சி முகாம் இருக்கிறதே, உன் கூட்டாளிகள் இரண்டு பேர் சேரப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அந்த விமானப்படை 1951ல் தொடங்கியது. அதன் முதல் ஜெட் விமானங்கள் 1959ல் வந்த ஜெட் புரொவோஸ்ட்கள். 1971ல் அவற்றைச் சண்டைக்கும் பாவித்தார்கள். அந்த விமானத்துக்குள் இருந்தது வைப்பர் எஞ்சின். வைப்பரை முதலில் செய்தது எதற்குத் தெரியுமா? பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகும் ஆளில்லா இலக்கு விமானத்துக்கு. சில மணி நேரம் ஓடினால் போதும், அப்புறம் சுட்டு விழுத்தப்படப் போவதுதானே. அப்படிப்பட்ட அற்பாயுசு எஞ்சின் 1950களின் தொடக்கத்தில் ஒரு லங்காஸ்டரின் வாலில் உட்கார்ந்து பறந்து பழகியது. ஆயுளை மெல்ல மெல்லக் கூட்டி, கடைசியில் மனிதர் ஏறும் பயிற்சி விமானத்துக்குத் தகுதியாக்கினார்கள். இந்தியாவின் கிரண் பயிற்சி விமானத்தின் முதல் ரகத்தில் இருந்ததும் வைப்பர்தான். ஆக, இலங்கை விமானப்படையின் முதல் ஜெட் எஞ்சின் வானம் பார்த்தது ஒரு கிழட்டுக் குண்டுவீச்சு விமானத்தின் வாலிலிருந்து. கொழும்புக்குப் போகும்போது இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குள் ஒரு எட்டுப் போய்ப் பார். ஜெட் புரொவோஸ்ட் அங்கே நிற்கிறது.

உன் பெரியம்மா எண்பதுகளில் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனது ஏர் லங்காவின் டிரைஸ்டாரில். அந்த டிரைஸ்டாரின் ஆர்பி-211 எஞ்சினும் இப்படித்தான் தேறியது. அதைத் தூக்கியது குண்டுவீச்சு விமானமல்ல, விசி-10 என்ற பிரயாணி விமானம். 1970ல் அதன் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய எஞ்சின் ஒன்றை வைத்துப் பறந்தார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. எண்பதுகளில் பட்ட பயத்தை இப்போது புதிதாகப் படுவாள்.

சரி, உன் பலமான வாதத்துக்கு வருகிறேன். "தரையில் எஞ்சினைக் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தால் போதாதா? இந்தக் காலத்தில் கம்பியூட்டரே எல்லாம் சொல்லிவிடுமே?" தரையில் ஓட்டாமல் எவரும் வானுக்குக் கொண்டுபோவதில்லை. நூற்றுக்கணக்கான மணி நேரம் தரையில் ஓடிய பிறகுதான் மேலே போகும் பேச்சே வரும். ஆனால் தரை தரைதான். உன் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற நமுனுகுலை மலையின் உயரம் 2,036 மீற்றர். அதன் உச்சியிலேயே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். தோட்டத்து டீசல் எஞ்சின்கள் மலை ஏற ஏறச் சோர்ந்துபோவதை ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்ல முடியும். மூன்று நமுனுகுலையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. ஆறாயிரம் மீற்றருக்குச் சற்று மேல் வரும். அங்கே காற்றழுத்தம் பாதிக்கும் குறைவு. ஆறை அடுக்கினால் பன்னிரண்டு கிலோமீற்றர். அங்கே ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பத்தாறு பாகை.

அந்த இடத்தில் எஞ்சின் அணைந்துபோனால் மறுபடி பற்றுமா? இதுதான் முதல் கேள்வி. மெல்லிய குளிர் காற்று, எரிபொருள் சரியாகத் தூவாது, தீப்பொறி பிடிக்காது. பறக்கும் சோதனையில் எஞ்சினை வேண்டுமென்றே அணைப்பார்கள். எதிர்க்காற்றில் சும்மா சுழலவிட்டு, பற்றவைத்துப் பார்ப்பார்கள். இந்த உயரத்தில் இந்த வேகத்தில் பற்றுகிறது, இன்னும் கொஞ்சம் மேலே பற்றவில்லை என்று புள்ளி புள்ளியாகக் குறித்து வரைபடம் போடுவார்கள். பிறகு எண்ணெய். அழுத்தம் குறைந்தால் எண்ணெயில் நுரை தட்டும், நுரை தாங்கிகளுக்குப் போனால் தாங்கி கருகும். அப்புறம் விமானி திடீரென்று விசையைக் கூட்டினால் காற்றை அமுக்கும் பகுதி திணறி, காற்று முன்பக்கமாகத் திரும்பி வெடிச்சத்தம் போடும். அதற்கு சர்ஜ் என்று பெயர். எஞ்சின் வாயில் பனி பிடிப்பது, விமானம் சரியும்போது காற்று கோணலாக உள்ளே நுழைவது எல்லாம் சேர்ந்து வரும். தரையிலும் உயரத்தைப் போலியாக உண்டாக்கும் பெரிய அறைகள் இருக்கின்றன, காற்றை உறிஞ்சியெடுத்துக் குளிரூட்டி ஓட்டலாம். மொஸ்கோவுக்குப் பக்கத்தில் லித்காரினோவில் அப்படி ஒன்று உண்டு, காவேரி அங்கேயும் போய் ஓடியது. ஆனால் அந்த அறையில் எஞ்சின் அசையாமல் நிற்கும். வானத்தில் எதுவும் அசையாமல் நிற்பதில்லை. கம்பியூட்டரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அதற்குள் போடும் கணக்கு சரியா என்று பார்ப்பதற்கும் யாராவது மேலே போய் அளந்துகொண்டு வரத்தான் வேண்டும்.

எஞ்சின் வானத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கதை வேண்டுமா? சோவியத் ரஷ்யாவின் டியூ-95 குண்டுவீச்சு விமானத்தின் முதல் மாதிரி 1952 நவம்பரில் பறந்தது. ஆறு மாதம் கழித்து, 1953 மே மாதம், எஞ்சினின் பற்சக்கரப் பெட்டி உடைந்து தீப்பிடித்து விழுந்தது. விமானி பெரெல்யோத்தும் செத்துப்போனார். அடுத்த எஞ்சினான டிவி-12ஐ ஒரு டியூ-4ல் பூட்டிப் பறந்து பார்த்த பிறகுதான் இரண்டாவது மாதிரி 1955 பெப்ரவரியில் கிளம்பியது. டியூ-4 எது தெரியுமா? அமெரிக்க பி-29ஐப் பிரித்துப் பார்த்து ரஷ்யர்கள் அப்படியே செய்த நகல். டியூ-95 இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கிறது.

பறக்கும் சோதனைக்கூடம் என்றால் ஆபத்தே இல்லை என்று இப்போது மறுபக்கம் சாயாதே. உன்னைத் தெரியும், ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் போய் விழுவாய். சுவீடன் வாங்கிய லங்காஸ்டர் ஒன்று சில வருடம் ஜெட் எஞ்சின்களைச் சுமந்து, 1956ல் தீப்பிடித்து விழுந்து நொறுங்கியது. இன்னொரு கதை 1962 டிசம்பர் 3ந் திகதி பிரிஸ்டலில் நடந்தது. வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே டிஎஸ்ஆர்-2 என்ற புது விமானத்துக்கான ஒலிம்பஸ் எஞ்சினைக் கட்டி, தரையில் நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினுக்குள் சுழன்றுகொண்டிருந்த வட்டு பிய்த்துக்கொண்டு வெளியே பறந்தது. எரிபொருள் தாங்கிகள் கிழிந்து, விமானம் முழுவதும் எரிந்தது. பாதுகாப்புக்காகப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த புத்தம் புதிய தீயணைப்பு வண்டியும் சேர்ந்தே எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இதே வட்டு டிஎஸ்ஆர்-2க்குள் இருந்து பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். நான்கு வருடம் கழித்து, 1966ல், இன்னொரு வல்கன் தன் வயிற்றில் கொன்கோட் விமானத்தின் எஞ்சினைக் கட்டிக்கொண்டு ஏறியது. கொன்கோட் 1969ல்தான் முதன்முதலில் பறந்தது. அணுகுண்டு போடுவதற்கென்று கட்டிய விமானம் பணக்காரர்கள் நியூயோர்க் போவதற்கு எஞ்சின் பழக்கிக் கொடுத்தது.

கனடாக்காரர்கள் பட்ட பாடு உனக்குப் பிடிக்கும். ஆரோ என்ற போர் விமானத்துக்காக இரோக்வோய் என்ற எஞ்சினைச் செய்தார்கள். சோதிக்க அமெரிக்காவிடம் ஒரு பி-47 குண்டுவீச்சு விமானத்தை இரவல் வாங்கினார்கள். அதன் இறக்கையில் இடமில்லை, வயிற்றிலும் தோதில்லை. கடைசியில் வாலுக்குப் பக்கத்தில், வலது புறம் மட்டும், பெரிய பெட்டி போல ஒட்டவைத்தார்கள். எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் விமானம் நேராகப் போகாது, பக்கவாட்டில் தள்ளும். விமானிகள் மற்ற ஆறு எஞ்சின்களைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்தார்கள். அப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே, 1959 பெப்ரவரி 20ந் திகதி, கனடா அரசாங்கம் ஆரோ திட்டத்தையே மூடிவிட்டது. இரோக்வோய் தனக்கென்று கட்டிய விமானத்தில் ஒரு நாளும் பறக்கவில்லை. அது பறந்ததெல்லாம் இரவல் பி-47ன் வாலில்தான்.

இப்போது காவேரி. பெங்களூரிலுள்ள எரிவாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தேஜஸ் போர் விமானத்துக்காகச் செய்யத் தொடங்கியது. 1989ல் அனுமதி கிடைத்தது. எஞ்சினின் உள் இருதயத்துக்குக் கபினி என்று பெயர் வைத்தார்கள், காவேரியில் வந்து கலக்கும் ஆறு. பெயர் வைத்தவனுக்குப் பூகோளம் தெரிந்திருக்கிறது. எதிர்பார்த்த தள்ளுவிசை வரவில்லை, எடை கூடிப்போனது. 2001ல் தேஜஸ் முதலில் பறந்தது அமெரிக்க எஞ்சினோடு. 2008ல் காவேரியைத் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். ரஷ்யாவில் மொஸ்கோவுக்குப் பக்கத்தில் குரோமோவ் நிறுவனத்தின் ஐஎல்-76ல் காவேரி பறந்தது 2010 நவம்பரில். திகதிகளைக் கவனித்தாயா? பிரிவு முந்தியது, பறப்பு பிந்தியது. ஐஎல்-76ல் தொங்கவிட்டதால் தோற்றது என்று நீ எழுதியது காலையில் நடந்ததற்கு மாலையில் காரணம் சொல்வது போல.

"சொந்த விமானத்தில் ஏன் பூட்டவில்லை" என்ற கேள்விக்கும் பதில் உன் கையிலேயே இருக்கிறது. தேஜஸுக்கு எத்தனை எஞ்சின்? ஒன்று. அந்த ஒன்றை எடுத்துவிட்டுக் குணம் தெரியாத எஞ்சினைப் பூட்டி மேலே ஏறி, வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க உன்னால் முடியுமா? ஐஎல்-76க்கு நான்கு. அதில் ஒன்றை எடுத்துவிட்டுக் காவேரியை வைத்தார்கள். முதல் தடவை ஆறாயிரம் மீற்றர் உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தது, உன் மூன்று நமுனுகுலை. 2011க்குள் சுமார் 55 மணி நேரம், பன்னிரண்டு கிலோமீற்றர் உயரம், ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கு வரை முடித்தார்கள். இது துணிவில்லாதவன் வேலையா?

ஆனால் இதை வெற்றிப் பத்திரமாகவும் தூக்கிப் பிடிக்காதே, தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் அப்போது செய்தார்கள். ஐஎல்-76 சரக்கு விமானம். அது ஒலியின் வேகத்தைத் தாண்டாது, போர் விமானம் போலக் குட்டிக்கரணம் போடாது. உயரத்தில் ஓடுகிறதா, அணைத்தால் பற்றுகிறதா என்று சொல்லும். தேஜஸைப் போதுமான வேகத்தில் தள்ளுமா என்பதற்கு அது பதில் சொல்லாது. தள்ளாது என்பது முன்பே தெரிந்திருந்தது.

இந்தியா இந்த வித்தையில் பங்கெடுத்தது அப்போதுதான் முதல் தடவையும் இல்லை. அறுபதுகளில் எகிப்து ஒரு போர் விமானம் கட்டியது, எச்ஏ-300 என்று. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் வரைந்தது. 1964ல் அதை முதலில் ஓட்டியவர் இந்தியாவின் கபில் பார்கவா. அதற்குச் செய்த இ-300 எஞ்சினைச் சோதிக்க இந்தியா தன் மாருத் போர் விமானம் ஒன்றை எகிப்துக்கு அனுப்பியது. மாருத்துக்கு இரண்டு எஞ்சின், ஒன்றைக் கழற்றி அந்தப் பக்கம் இ-300, மறு பக்கம் பழகிய ஓர்ஃபியஸ். 1967 மார்ச்சில் பறந்தது. மாருத் நல்ல எஞ்சின் கிடைக்காமல் ஏங்கிக்கொண்டிருந்த விமானம், எகிப்தின் எஞ்சின் தேறினால் தனக்கும் ஆகும் என்ற ஆசை. ஜூனில் இஸ்ரேலோடு யுத்தம் வந்தது. சில வருடத்தில் திட்டமும் போனது, ஆசையும் போனது.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். இரண்டாம் யுத்தத்தில் நம் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களிலிருந்து பறந்தவை லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், நான்கு எஞ்சின், பெரிய வயிறு. யுத்தம் முடிந்ததும் இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் கூட்டி, வேறு எவரும் பாவிக்கக் கூடாதென்று அடித்து உடைத்துப் போட்டுவிட்டுப் போனான் வெள்ளைக்காரன். பெங்களூர் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் குப்பையிலிருந்து சுமார் 40 விமானத்தை ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள். முதல் விமானங்களைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் ஜம்ஷெட் முன்ஷி. இருக்கிற மானி வேலை செய்யுமா, சக்கரம் மடங்குமா என்ற உத்தரவாதம் இல்லாமல். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரைக்கும் ஓட்டியது. அதே காலத்தில் எஞ்சின் ஆராய்ச்சி நிறுவனமும் 1959ல் கான்பூரில் தொடங்கி 1961ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. எஞ்சின் செய்பவனும் நான்கு எஞ்சின் விமானத்தை உயிர்ப்பிக்கத் தெரிந்தவனும் ஒரே ஊரில். இரண்டு லிபரேட்டரை அன்றைக்கே ஒதுக்கி, ஒரு பத்துப் பேரை அந்த வேலைக்கென்றே வளர்த்திருந்தால், அறுபது வருடத்தில் விமானம் மாறியிருக்கும், கை பழகியிருக்கும். சீனாக்காரன் சோவியத் டியூ-16ன் நகலான எச்-6 குண்டுவீச்சு விமானத்தை அப்படி வைத்துக்கொண்டான். இந்தியாவிடம் காவேரி அளவு எஞ்சினை மேலே தூக்கிச் சோதிக்கச் சொந்த விமானம் இல்லை. தேஜஸுக்கென்று இல்லாமல் ஆளில்லா விமானத்துக்கென்று மாற்றிய காவேரியும் மறுபடி ரஷ்யாவுக்குத்தான் போனது. எஞ்சினுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு சிறு துண்டை அதைத் தூக்கும் விமானத்துக்கு ஒதுக்காததே, என் கணக்கில், அந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. விமானம் இரவல் என்றால் வரிசையில் நிற்கவேண்டும், இன்னொருவன் நாள் குறித்துத் தருவான்.

கடைசியாக உன் விஷயம். உயர்தரப் பெறுபேறு வந்ததும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாய், எஞ்சின் வரையப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். வரை, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வரைகிறவர்கள் எங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அளவு எடுக்கத் தெரிந்தவன், மானி பொய் சொல்கிறதா என்று சந்தேகப்படத் தெரிந்தவன், தன் கூட்டாளி வரைந்த எஞ்சினை மேலே வைத்து அணைத்துப் பார்க்கும் மனமுள்ளவன் குறைவு. சோதனைப் பக்கம் என்ன பாடம் இருக்கிறது என்று விசாரித்து எனக்கு எழுது. அதற்கு முன்னால், அந்தப் படத்தை ஒட்டு வேலை என்று சொல்லி நீ யார் யாருக்கெல்லாம் அனுப்பினாயோ, அவர்கள் எல்லோருக்கும் படம் உண்மைதான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
பதுளையிலிருந்து மாமா